ஆப்பிரிக்கக் கலையைக் கற்கும் நெறி

பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒரு பென்சிலின் மரத்தைச் சான்றாகக் கொண்டு ஒரு நாட்டின் வரலாறு எழுதப்பட்டது. கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். ஆயினும் நடந்தது அதுவே. 1871ஆம் ஆண்டில் கார்ல் மௌக் என்னும் ஜெர்மானியர், ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், இன்று ஜிம்பாப்வே என வழங்கும் நாட்டில், காட்டிடையே நின்ற பெருங் கற்சுவர்களைக் கண்டார். சுண்ணாம்போ வேறு சாந்தோ இன்றிக் கல்லின்மேற் கல்லாக அடுக்கப்பட்ட அச்சுவர்கள் அவரைத் திகைக்கச் செய்தன. வாயில் ஒன்றன்மேல் இருந்த மரத்திலிருந்து அவர் ஒரு சிறாயை வெட்டி எடுத்தார். அது செந்நிறமும் நறுமணமும் உடையதாய் இருந்தது. தம்மிடமிருந்த பென்சிலின் மரத்தோடு அதனை ஒப்பிட்டார். இரண்டும் ஒத்திருப்பதாகத் தோன்றிற்று. ஆகவே இது லெபனான் நாட்டுக் கேதுரு மரம்; அதனைக் கடல் வழியே கொணர்ந்தவர் பினீசியர்; எனவே இம்மாளிகையை எழுப்பியவள் விவிலியத்தில் வரும் சேபா நாட்டு அரசி என்று முடிவு கட்டினார்.

அம்மரம் அந்நாட்டுக் காட்டிலேயே வளர்வது என்பது பின்னர்த் தெரிந்தது. மௌக் துணிவும் உழைப்பும் மிக்க பயணி. விவிலியக் கதையை அவர் நன்கு அறிந்திருந்தார். தாம் நின்ற மண்ணின் மரத்தை அறியவில்லை. அக்கம்பக்கத்தில் வாழும் மக்களின் முன்னோர் இத்தகைய கட்டடத்தை எழுப்பியிருக்க மாட்டார்கள் என்னும் எண்ணம், சான்று தேடப் புகுமுன்னரே அவர் உள்ளத்திற் குடிகொண்டிருந்தது. அவ்வெண்ணத்திற்கு ஏற்ற சான்றை ஒரு மரச்சிறாய் தந்தது.

அன்பர்களே, பிறநாட்டார் கலையைக் கற்க விரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ளவேண்டிய நிகழ்ச்சி இது. ஒரு மக்களின் கலையைப் பற்றி நாம் கூறுவது, பல வேளைகளில் அம்மக்களைப் பற்றி நாம் முன்னரே கொண்டுள்ள கருத்தையே திருப்பிக் கூறுவதாக அமைந்துவிடுகின்றது. அப்பிழையினின்று தப்புவது எவ்வாறு? ஆப்பிரிக்க மக்களின் மரபுக் கலைகளைக் கற்பதற்கு உரிய நெறி யாது? இவ்வினாவிற்குச் சில எடுத்துக்காட்டுகளால் விடை காண முயல்வோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நலம். ஆப்பிரிக்கா ஒரு நாடன்று. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கொண்ட கண்டம். அங்கு வழங்கும் மொழிகள் ஆயிரத்திற்கு மேற்பட்டவை. பாலைவனத்து மக்களும், மழைக்காட்டு மக்களும், ஆற்றங்கரை நகரத்தாரும், மேட்டுநிலத்து ஆயரும் அங்கே வாழ்கின்றனர். இவர்கள் அனைவருடைய கலைக்கும் ஒரே இலக்கணம் வகுப்பது இயலாது. ஆதலால் மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜிம்பாப்வேயின் கற்சுவர்கள், பெனின் அரண்மனையின் வார்ப்புச் சிற்பங்கள், ஜென்னே நகரத்தின் மண் மசூதி ஆகியவை அவை. கல்லை நோக்கி, 'உன்னைச் செய்தவர் யார்?' என்று வினவுவோம். உலோகத்தை நோக்கி, 'எதற்காகச் செய்தனர்?' என்று வினவுவோம். மண்ணை நோக்கி, 'உன்னை எவ்வாறு காத்து வருகின்றனர்?' என்று வினவுவோம்.

மௌக் கண்ட இடம் இன்று பெரிய ஜிம்பாப்வே எனப் பெயர் பெறும். அந்நாட்டின் தென்கிழக்கில் மஸ்விங்கோ நகருக்கு அருகில் அது உள்ளது. ஷோனா மக்களின் மொழியில் ஜிம்பாப்வே என்னும் சொல் கல்வீடுகளைக் குறிக்கும் என்பர். குன்றின்மேல் ஒரு பகுதியும், அடிவாரத்தில் பெருமதில் சூழ்ந்த ஒரு பகுதியும், இடையேயுள்ள பள்ளத்தாக்கிற் பல சிறு பகுதிகளுமாக அந்நகரம் பரந்து கிடக்கின்றது. அடிவாரத்துப் பெருமதிலின் சுற்றளவு ஏறத்தாழ 250 மீட்டர். சில இடங்களில் அதன் உயரம் 11 மீட்டர் வரை செல்கின்றது. மதிலின் உச்சியை ஒட்டி, ஒரு பகுதியிற் கற்களைச் சாய்த்து அடுக்கி அலைபோன்ற கோலம் அமைத்துள்ளனர். உள்ளே, மேலே செல்லச்செல்லக் குறுகும் வட்டக் கோபுரம் ஒன்று நிற்கின்றது. அதனுள் அறை எதுவும் இல்லை, முற்றும் கல்லே.

இக்கல்லை அவர்கள் எவ்வாறு பெற்றனர்? அப்பகுதிக் குன்றுகள் கருங்கல்லால் ஆனவை. பகலின் வெப்பத்தாலும் இரவின் குளிராலும் அப்பாறைகள் வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகப் பிளந்து கொடுக்கும். தீ மூட்டிப் பாறையைச் சூடேற்றியும் இப்பிளவை விரைவுபடுத்தலாம். இவ்வாறு கிடைக்கும் பலகைக் கற்களை உடைத்தால் செங்கல் போன்ற துண்டுகள் கிடைக்கும். நிலத்தின் இயல்பை நெடுங்காலம் அறிந்தவர்க்கே கைவரும் தொழில் இது. மேலும், இம்மதில்கள் கூரையைத் தாங்குவதற்காக எழுப்பப்பட்டவை அல்ல. மதிலுக்குள்ளே வட்ட வடிவமான மண்வீடுகள் புல் வேய்ந்த கூரையோடு நின்றன. மதில், வீடுகளைச் சூழ்ந்து பெருமை சேர்த்தது. கல்லை மட்டும் நோக்கியவர்கள் மண்வீட்டின் தடத்தைக் காணவில்லை; மண்வீட்டைக் கண்டிருந்தால், அதே முறையில் வீடு கட்டி வாழ்ந்த அண்டை ஊராரின் முன்னோரே அந்நகரத்தை அமைத்தவர் என்பதும் புலனாகியிருக்கும்.

ஆனால் நடந்தது வேறு. 1891இல் செசில் ரோட்ஸ் என்பாரின் ஆதரவோடு ஆராய வந்த தியோடர் பெண்ட், கட்டியவர் வெளிநாட்டாரே என்று எழுதினார். 1895இல் இடிபாடுகளிற் பொன் தேடுவதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னர் 1902இல் இவ்விடத்தைக் காக்க அமர்த்தப்பட்ட ரிச்சர்ட் ஹால், காப்பதற்கு மாறாக ஒரு பெருங்கேட்டைச் செய்தார். அந்நியர் கட்டிய மாளிகையின்மேல் ஆப்பிரிக்கர் பிற்காலத்திற் குவித்த குப்பை என்று கருதிப் பல அடி ஆழமுள்ள மண்ணை வாரி வெளியே எறிந்துவிட்டார். தொல்பொருள் ஆய்வில் மண்ணடுக்கே ஏடு. கீழே கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது என்னும் எளிய விதியைக் கொண்டே காலத்தைக் கணிக்கின்றனர். ஹால் எறிந்த குப்பைதான் அந்நகரத்தின் வரலாறு. வரலாற்றைத் தேடியவரே அதன் ஏடுகளைக் கிழித்தெறிந்தார்.

எஞ்சிய ஏடுகளைப் பொறுமையோடு படித்தவரும் இருந்தனர். 1905இல் டேவிட் ராண்டல்-மக்கைவர் இவ்விடத்தை ஆராய்ந்து, இது இடைக்காலத்து ஆப்பிரிக்கரின் ஆக்கமே என்று துணிந்து கூறினார். வெள்ளைக் குடியேறிகள் அவர்மீது சினங்கொண்டனர். ஐயத்தை அறவே தீர்க்கும் பொருட்டு, 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்னும் அம்மையார் அனுப்பப்பட்டார். அவர் அழகிய மதிலை விட்டு, எவர் கையும் படாத தரைகளைத் தேடித் தோண்டினார். வட்டக் கோபுரத்தின் அடியிலும் சுரங்கம் அகழ்ந்து பார்த்தார். மதிலின் அடித்தளத்திலும் அதன் கீழும் கிடைத்த மட்பாண்டங்கள் உள்ளூர் மக்களின் மட்பாண்ட மரபைச் சேர்ந்தவை. கூடவே கிடைத்த கண்ணாடி மணிகள் காலத்தைக் கணிக்க உதவின. சீனத்துப் பீங்கான் துண்டுகளும், இந்தியப் பகுதியிலிருந்து கடல் கடந்து வந்த மணிகளும் அந்நகரத்திற் கிடைத்திருக்கின்றன. வெளிநாட்டுப் பொருள்கள் வெளிநாட்டார் ஆட்சிக்குச் சான்றாகா. அந்நகரத்தார் தம் பொன்னையும் தந்தத்தையும் கீழைக் கடற்கரைக்கு அனுப்பி வாணிகம் செய்தனர் என்பதற்கே அவை சான்று. பதினோராம் நூற்றாண்டு முதற் பதினைந்தாம் நூற்றாண்டு வரை, ஷோனா மக்களின் முன்னோர் எழுப்பி வாழ்ந்த தலைநகரம் அது. இன்று ஆய்வாளரிடையே இதிற் கருத்து வேறுபாடில்லை.

ஒரு பழைய கோட்டையைக் கட்டியவர் யார் என்பதில் இத்துணைச் சினமும் வழக்கும் எதற்கு என்று மாணவர் கேட்கலாம். நிலத்தின் உரிமை அதில் அடங்கியிருந்தது. 'இம்மண்ணில் உயர்ந்தது எதனையும் நீங்கள் ஆக்கவில்லை. பண்டும் வெளியாரே ஆண்டனர். இன்றும் வெளியார் ஆள்வதே முறை' என்று கூறுவதற்கு அப்பொய்க் கதை பயன்பட்டது. 1965இல் ரொடீஷியாவின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாக விடுதலையை அறிவித்த பின்னர், கட்டியவர் ஆப்பிரிக்கர் என்னும் உண்மையை வெளியிடலாகாது என்ற நெருக்கடி வலுத்தது. நினைவுச் சின்னங்களின் மேற்பார்வையாளராக இருந்த பீட்டர் கார்லேக், உண்மையை மறைக்க உடன்படாது, 1970இல் நாட்டை விட்டே வெளியேறினார். பத்தாண்டுகள் கழித்து, 1980இல் பெரும்பான்மை மக்களின் ஆட்சி மலர்ந்தபோது, அந்நாடு அக்கல் நகரத்தின் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டது. இடிபாடுகளிற் கிடைத்த மாக்கல் பறவையின் உருவம் அதன் கொடியில் இடம் பெற்றது. வெளியே கொண்டு செல்லப்பட்ட அப்பறவைச் சிற்பங்களுட் சிலவற்றைத் தென்னாப்பிரிக்கா 1981இல் திருப்பியளித்தது.

கல்லிடம் கேட்ட வினாவிற்கு விடை கிடைத்தது. இனி உலோகத்திடம் செல்வோம்.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் தென்பகுதியில், எடோ மக்களின் பழம்பெரும் அரசு ஒன்று இருந்தது. அதன் தலைநகர் பெனின். இன்று பெனின் என்னும் பெயரோடு மேற்கில் விளங்கும் தனி நாடு வேறு, இது வேறு. பெனின் மன்னருக்கு ஓபா என்பது பட்டப்பெயர். அவரது அரண்மனையின் நெடிய கூடங்களில் நின்ற தூண்களைப் பித்தளைத் தகடுகள் அணி செய்தன. ஒவ்வொரு தகட்டிலும் புடைப்புச் சிற்பம்: வாளேந்திய படைத்தலைவர், கொம்பூதும் இளைஞர், வேட்டையாடுவோர், வளையங்களை ஏந்திய போர்த்துக்கீச வணிகர். ஓல்ஃபர்ட் டாப்பர் என்னும் டச்சு எழுத்தாளர் 1668இல் வெளியிட்ட நூலிலேயே இத்தூண்களைப் பற்றிய செய்தி காணப்படுகின்றது.

இவற்றை வார்த்தவர்கள் தனியொரு தொழிற்குழுவினர். இகுன் தெரு என்பது அவர்கள் வாழும் தெரு. அவர்கள் கையாண்டது மெழுகு வார்ப்பு முறை. களிமண்ணால் உட்கரு செய்து, அதன்மேல் மெழுகை மெல்லிய தோலாகப் பூசி, உருவத்தின் நுட்பம் அனைத்தையும் மெழுகிலேயே செதுக்குவர். பின்னர் அதன்மேல் நுண்ணிய களிமண்ணைப் பூசி உலர்த்தி, நெருப்பிற் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்ணோட்டை உடைத்தால் உருவம் வெளிப்படும். ஓர் அச்சு ஒரு முறைக்கே பயன்படும். தவறினால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதே. நம் சுவாமிமலை ஸ்தபதிகளும் மெழுகு வார்ப்பு முறையிலேயே தெய்வத் திருமேனிகளைச் செய்கின்றனர். அவர்கள் பெரும்பாலும் உள்ளே கெட்டியாக வார்ப்பர். பெனின் கலைஞரோ தலைகளையும் பிற உருவங்களையும் உள்ளே குழிவாக வார்த்தனர். ஆதலால் மெழுகின் கனம் எங்கும் சீராக அமையவேண்டும். சிறந்த பெனின் தலைகளில் உலோகம் மிக மெல்லியதாக உள்ளது. அம்மென்மை கலைஞரின் கைத்திறத்திற்கு அளவுகோல்.

உலோகம் எங்கிருந்து வந்தது? பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்த்துக்கீசர் கப்பல்களில் வந்தனர். அவர்கள் பண்டமாற்றாகத் தந்தவற்றுட் பித்தளை வளையங்களும் அடங்கும். அவ்வளையங்களின் உலோகம் ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதியிற் பிறந்தது என 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியுள்ளது. இதைக்கொண்டு, கலையும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே என்று சிலர் சொல்லத் துணியலாம். அது பொருந்தாது. பெனினுக்கு வடமேற்கிலுள்ள இஃபே நகரத்திற் செப்புக் கலவையாற் செய்த தலைகள் கிடைத்துள்ளன. 1938இல் வீடு கட்ட அடித்தளம் தோண்டியவர்கள் அவற்றுட் பலவற்றைக் கண்டெடுத்தனர். அமைதி தவழும் அம்முகங்களிற் பல, போர்த்துக்கீசர் கப்பல் அக்கரையை அடையுமுன்னரே வார்க்கப்பட்டவை. இஃபேயின் சிற்பத்தை 1910இற் கண்ட லியோ ஃபுரோபீனியஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், கடலில் மூழ்கியதாகக் கிரேக்கர் கூறும் அட்லாண்டிஸ் நாட்டின் எச்சம் இஃபேயில் உள்ளது என்றார். இல்லாத நாட்டுக்கு அப்புகழைக் கொடுக்க முன்வந்தாரேயன்றி, கண்முன் நின்ற யொரூபா மக்களுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

இனி, 'எதற்காக?' என்னும் வினா. பெனினில் ஓர் ஓபா மறைந்தால், அவர் மகன் அரியணையேறித் தந்தைக்குப் பீடம் அமைத்து, அதன்மேல் வைக்க வார்ப்புத் தலை செய்விப்பான். அத்தலையின் உச்சியில் ஒரு துளை இருக்கும். சிற்ப வேலைப்பாடமைந்த யானைத் தந்தம் அதில் நிறுத்தப்படும். காட்சிக்கூடத்திற் கண்ணாடிப் பேழைக்குள் தனியே வைக்கப்பட்ட தலையைக் காண்பவருக்கு அத்துளை ஒரு குறையாகவே தோன்றும். தந்தமும், பீடமும், மகன் செய்யும் வழிபாடும் சேர்ந்தாலன்றி அத்தலையின் பொருள் நிறைவுறாது. எடோ மொழியில் நினைவுகூர்தலைக் குறிக்கும் ஒரு தொடருக்கு, உலோகத்தில் உருவை வார்த்தல் என்பதே நேர்ப்பொருள் என்பர். எழுத்தில் வரலாறு எழுதாத அவ்வரசுக்கு அரண்மனைத் தூண்களே ஏடுகள்.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. பதினாறாம் நூற்றாண்டில் ஆண்ட எசிகி என்னும் ஓபாவின் அன்னை இதியா. அவ்வன்னையின் முகமாகக் கருதப்படும் தந்தச் சிற்பம் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் உள்ளது. முகத்தின் மேலே வரிசையாகத் தாடி வைத்த போர்த்துக்கீசர் தலைகளும், இடையிடையே சேற்று மீன்களும் செதுக்கப்பட்டுள்ளன. அணிகலனுக்கு மீன் எதற்கு? அம்மீன் நீரிலும் வாழும். கரையிலும் உயிர் தரிக்கும். மனிதராகவும் தெய்வத்தன்மை உடையவராகவும் கருதப்பட்ட ஓபாவுக்கு அது குறியீடு. செல்வத்தின் தெய்வமான ஒலோகுனுக்குக் கடலே உறைவிடம். அக்கடல் வழியே செல்வத்தோடு வந்தவர் போர்த்துக்கீசர். இவ்விளக்கத்தை எடோ மக்களிடம் கேட்டன்றி நாம் பெற இயலாது. கண் மட்டும் கொண்டு நோக்குபவருக்கு அது வெறும் மீனே.

1897ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஓபாவின் விருப்பத்திற்கு மாறாகப் பெனின் நோக்கிச் சென்ற ஆங்கிலேயர் குழுவினர் வழியில் தாக்கப்பட்டுப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். பிப்ரவரித் திங்களில் ஆங்கிலேயப் படை பழிவாங்கப் புறப்பட்டு நகரத்தைக் கைப்பற்றியது. அரண்மனை எரிந்தது. ஓபா ஒவோன்ராம்வென் கலபார் நகருக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கேயே 1914இல் உயிர் நீத்தார். ஆயிரக்கணக்கான சிற்பங்கள் வாரிச் செல்லப்பட்டு, லண்டனிலும் பிற நகரங்களிலும் விலை கூறப்பட்டன. எந்தத் தகடு எந்தத் தகட்டின் அருகே இருந்தது என்பதை எவரும் குறித்து வைக்கவில்லை. ஒரு பெருநூலின் கட்டை அவிழ்த்து, பக்க எண்ணில்லாத ஏடுகளைப் பல நாடுகளிற் சிதறவிட்டது போன்ற செயல் இது. ஒவ்வோர் ஏட்டையும் தனித்தனியே வியக்கலாம். தொடர்ந்து படிக்க இயலாது.

ஏடுகள் சில இப்போது வீடு திரும்புகின்றன. 2022இல் ஜெர்மனி, தன் காட்சிக்கூடங்களிலுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெனின் பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றித் தர ஒப்பந்தம் செய்து, அவ்வாண்டு இறுதியில் இருபது பொருள்களை நேரில் ஒப்படைத்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 29 பொருள்களை அளித்தது. 2025இல் நெதர்லாந்து 119 பொருள்களை அனுப்பியது. 1914இல் அரியணையேறிய இரண்டாம் எவெகா வார்ப்புக் கலைஞரை மீண்டும் ஊக்குவித்ததனால், இகுன் தெருவில் உலை அணையவில்லை. இன்றும் அங்கே மெழுகு உருகி, உலோகம் வார்க்கப்படுகின்றது. ஆதலின் பெனின் கலையைக் கற்பவர் காட்சிக்கூடத்தோடு நின்றுவிடலாகாது. அத்தெருவையும் தம் பாடநூலிற் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

கல்லும் உலோகமும் நின்று நிலைப்பவை. மண்ணோ மழைக்குக் கரைவது. கரையும் பொருளால் பெருங் கட்டடம் எழுப்பிய மக்களை இனிக் காண்போம்.

மாலி நாட்டில், நைஜர் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து பரவும் சமவெளியில், பானி ஆற்றின் அருகே ஜென்னே என்னும் பழைய நகரம் இருக்கின்றது. அதன் நடுவே, சந்தைத் திடலை நோக்கியவாறு நிற்கும் பெரிய மசூதி, மண்ணாலான கட்டடங்களுள் உலகப் புகழ் பெற்றது. முதல் மசூதி பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்தது என்பது அவ்வூர் மரபு. அது பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சிதைந்துபோக, இன்றுள்ள மசூதி பழைய இடத்திலேயே 1907இற் கட்டி முடிக்கப்பட்டது. அப்போது நாடு பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அதனால் அக்கட்டடத்தைப் பிரெஞ்சுக்காரர் வரைந்தளித்தனர் என்று கூறியவரும் உண்டு. கட்டும் பணியை நடத்தியவரோ ஜென்னேக் கொத்தர் குழுவின் தலைவர் இஸ்மாயிலா திராவோரே. கொத்தர் தம் தந்தை வழிக் கற்ற முறையையே அச்சுவர்களிற் காண்கின்றோம். 'யார் செய்தார்?' என்னும் வினா இங்கும் நம்மைத் தொடர்ந்து வருவதைக் கவனியுங்கள்.

வெயிலில் உலர்த்திய மண்கல்லை மண்சாந்து கொண்டு அடுக்கி, மேலே மண்ணும் உமியும் கலந்து புளிக்கவைத்த குழம்பைப் பூசுவர். சுவரிலிருந்து பனங்கழிகள் வரிசை வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காண்பவர் அவற்றை அழகுக்கென்று எண்ணுவர். அவை அழகும் தருகின்றன. ஆனால் அவற்றின் முதற் பயன், பூசுவோர் ஏறி நிற்கும் சாரமாக அமைவதே. மழை ஆண்டுதோறும் சுவரின் தோலை அரிக்கும். ஆண்டுதோறும் பூசியே தீரவேண்டும். கட்டடத்தை வகுத்தவர், அதனைப் பேணுவோர் நிற்பதற்கான இடத்தையும் சுவரிலேயே வைத்துவிட்டார்.

அப்பூச்சு நாள் ஊர்த் திருவிழா. இளைஞர் குழம்பைக் கூடைகளிற் சுமந்து ஓடுவர். பெண்கள் நீர் கொணர்வர். கொத்தர் கழிகளின்மேல் நின்று கையால் தேய்ப்பர். முதுபெருங் கொத்தர் அமர்ந்து பிழை காண்பர். இம்மசூதியின் வயது என்ன? அதன் மேற்பூச்சின் வயது ஓராண்டு. அதனைப் பூசும் கைப்பழக்கத்தின் வயது பல நூற்றாண்டு. 2009இல் பெருமழைக்குப்பின் ஒரு கோபுரத்தின் பகுதி இடிந்து விழுந்தது. அதே மரபிற் பழகியவர் அதனை மீண்டும் எழுப்பினர். இங்கே காக்கப்படுவது சுவர் மட்டுமன்று; தந்தை மகனுக்கும் ஆசான் மாணவனுக்கும் கையளிக்கும் தொழிலறிவே முதன்மையாகக் காக்கப்படுகின்றது. 1988இல் யுனெஸ்கோ நிறுவனம் ஜென்னேயை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. நாட்டில் அமைதி குலைந்தமையால் 2016இல் அதனை ஆபத்திற்குள்ளான சின்னங்களின் பட்டியலிற் சேர்த்தது. கொத்தர் பிழைப்புத் தேடி ஊரை விட்டகன்றால், மழை ஒன்றே போதும். பகைவர் படை வேண்டுவதில்லை.

மூன்று இடங்களையும் கண்டோம். இவற்றிலிருந்து மாணவர் கொள்ளவேண்டிய நெறி யாது?

ஒரு பொருளைப் பற்றிக் கூறுமுன், அது கிடந்த மண்ணையும் அதனருகே கிடந்தவற்றையும் அறிதல் முதலாவது. அதைச் செய்யும் கையின் தொழிலை விளங்கிக்கொள்ளுதல் இரண்டாவது. அதைப் பயன்படுத்திய மக்களிடமே அதன் பொருளைக் கேட்டறிதல் மூன்றாவது. அழகு என்னும் ஒரு நோக்கம் மட்டும் கொண்டு பார்ப்பவர் இம்மூன்றையும் இழப்பர். ஆப்பிரிக்க மர முகமூடிகளைக் காட்சிக்கூடச் சுவரில் மாட்டியிருப்பதை நூல்களிற் பார்க்கின்றோம். முகமூடியோடு உடல் முழுதும் மறைக்கும் ஆடை உண்டு; முழவு உண்டு; ஆட்டம் உண்டு; அது ஆடப்பெறும் நாளும் காரணமும் உண்டு. சுவரில் தொங்குவது அவற்றுள் ஒரு பகுதியே.

'செய்தவர் பெயர் தெரியவில்லை' என்று காட்சிக்கூடங்களில் எழுதியிருப்பதைக் கண்டு, ஆப்பிரிக்கக் கலைஞருக்குப் பெயரே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். யொரூபா நாட்டில் இசே ஊரைச் சேர்ந்த ஒலோவே என்னும் சிற்பி வாழ்ந்தார். இகெரே அரண்மனைக்கு அவர் செதுக்கிய கதவுகள் 1924இல் லண்டனை அடுத்த வெம்பிளியில் நடந்த பொருட்காட்சியில் வைக்கப்பட்டு, பின்னர்ப் பிரிட்டிஷ் மியூசியத்தை அடைந்தன. ஒலோவே 1938இல் மறைந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1988இல், அவர் மனைவியருள் ஒருவர் அவரைப் போற்றும் புகழ்ப்பாட்டைப் பாட, ஆய்வாளர் அதனைப் பதிவு செய்தனர். ஊரார் நாவில் அப்பெயர் அத்தனைக் காலமும் வாழ்ந்திருந்தது. பொருளை வாங்கிச் சென்றவர்கள் பெயரைக் கேட்காமற் போயினர். அதுவே பல பெயர்கள் மறைந்ததன் காரணம்.

ஆகவே மாணவர்களே, ஆப்பிரிக்கச் சிற்பம் ஒன்றின் படத்தை நீங்கள் நூலகத்திற் காணும்போது, அழகை நுகர்ந்தபின் அடியிலுள்ள குறிப்பையும் படியுங்கள். எம்மக்கள் செய்தது, எவ்வூரில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது, எந்த ஆண்டில், எவ்வழியில் அங்கிருந்து வெளியேறியது என்னும் செய்திகள் அக்குறிப்பில் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையாயின், கற்கவேண்டியது இன்னும் மிகுதியாக இருக்கின்றது என்று கொள்ளுங்கள். அதனைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இகுன் தெருவில் உலையருகே அமர்ந்திருக்கின்றனர். ஜென்னேயிற் பனங்கழியின்மேல் நின்று மண் பூசுகின்றனர். அவர்களிடம் கேட்கும் பணிவு நமக்கு வேண்டும்.